மலைக்காற்றின் கணக்கு

விழா மலர் என்றால் ஆசிரியப் பெருமக்களின் அருமையும், விளையாட்டுப் போட்டிகளில் ஈட்டிய வெற்றியும், விடுதி வாழ்க்கையின் இனிய குறும்புகளும் எழுதப்படுதல் மரபு. அம்மரபை நாமும் போற்றுகின்றோம். ஆயினும், வழிபாட்டு மண்டபத்தையும் விஞ்ஞான கூடத்தையும் ஒருங்கே நமக்களித்த கல்லூரித் தாயின் விழாவிலே, பௌதிகவியல் சார்ந்த கருத்தொன்றை முன்வைத்தலும் அத்தாய்க்கு உகந்ததே என எண்ணுகின்றோம். நாம் கூறப்போவது காற்றைப் பற்றியது. அக்காற்றைக் கணக்கிடும் கலையைப் பற்றியது. அக்கணக்கிலே மலைநாட்டு மக்களுக்குள்ள பங்கைப் பற்றியது.

ஆனி, ஆடி மாதங்களில் வட்டகொடைப் புகையிரத நிலையத்திலே சற்று நேரம் நின்றோர், தலவாக்கலைப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவரும் காட்சியை மறவார். முதலில் வெண்துகில் விரித்தாற்போல் அமைதியாக வருகின்றது. மலை முகட்டைத் தொட்டதும் கிழிகின்றது; சுருள்கின்றது; பெருஞ்சுருளுக்குள்ளே சிறு சுருளும், அதனுள்ளே அதனினுஞ் சிறிய சுருளுமாகக் குலைந்து, கிரேட் வெஸ்டர்ன் மலையின் பக்கமாய் மறைகின்றது. கூடையுடன் நிரையில் நிற்கும் கொழுந்து பறிக்கும் தாய்மார் அதனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, இன்னும் அரைமணி நேரத்தில் மழை வரும் அல்லது வராது என்று கூறிவிடுவர். பல ஆண்டுப் பழக்கம் அவர்களுக்கு அவ்வறிவைத் தந்துள்ளது. கோடிக்கணக்கான கணக்குகளை ஒரு நொடியிற் செய்யும் கணினியோ, அந்த ஒரு முகட்டைப் பற்றி அவ்வளவு உறுதியாகக் கூறவியலாது திகைக்கின்றது. இஃது ஏன்? அக்குறை தீருமா? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

மூடுபனியின் அக்குலைவையே விஞ்ஞானிகள் கொந்தளிப்பு என்பர். அதனைக் காண மலையேற வேண்டுவதில்லை. நம் வழிபாட்டு மண்டபத்தின் ஊதுவத்தியே போதும். அதன் புகை சிறிது தூரம் நூல் பிடித்தாற்போல் நேரே எழுகின்றது. பின்னர் திடீரென நெளிந்து, சுழித்து, கலைகின்றது. நேரே எழுவது அருவிக்கோட்டுப் பாய்ச்சல். கலைவது கொந்தளிப்புப் பாய்ச்சல். 1883ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரிலே ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் என்பார், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரிலே சாயக்கோடொன்றைச் செலுத்தி, வேகமும் குழாயின் அகலமும் பிசுக்குமையும் ஓரளவுக்கு மேற்பட இயைந்தவிடத்து அக்கோடு குலைவதைக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் ரெனோல்ட்ஸ் எண்ணை உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர்.

இப்பாய்ச்சலை ஆளும் சமன்பாடுகள் புதியனவல்ல. பிரான்சிய நாட்டு நவியர் 1822இலும், பிரித்தானிய அறிஞர் ஸ்டோக்ஸ் 1845இலும் அவற்றை வகுத்தனர். நியூற்றனின் இயக்கவிதியை நீருக்கும் காற்றுக்கும் பொருத்திய சமன்பாடுகளே அவை; எழுதினால் இரண்டு வரிகளுள் அடங்கும். எனினும், முப்பரிமாண வெளியிலே அவற்றுக்கு என்றும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பதை நிறுவுவோர்க்கு அல்லது மறுப்போர்க்குப் பத்து லட்சம் டொலர் பரிசளிப்பதாக அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. அப்பரிசு இன்னும் எவருக்கும் வழங்கப்படவில்லை.

சூத்திரமாகத் தீர்க்க இயலாவிடில் எண்களாற் கணக்கிட்டுப் பார்க்கலாமே என்பர் சிலர். அவ்வாறு செய்வதன் பாரத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். காற்றிலுள்ள பெருஞ்சுழிகள் கிலோமீற்றர் அளவின; அவை தம்மினுஞ் சிறிய சுழிகளைப் பெற்று, அவற்றிடம் தம் ஆற்றலை ஒப்படைத்து அழிகின்றன. இவ்வாறு கைமாறி வரும் ஆற்றல், மில்லிமீற்றர் அளவினவான சுழிகளிலேதான் பிசுக்குமையால் வெப்பமாக மாறி முடிகின்றது. இக்கைமாற்றத்தின் விதியை உருசிய நாட்டுக் கொல்மகோரவ் 1941இல் வகுத்தார். ஆகவே, ஒரு கன கிலோமீற்றர்க் காற்றை ஒன்றும் விடாது கணக்கிட வேண்டின், அதனை மில்லிமீற்றர்ப் பெட்டிகளாகப் பகுத்தல் வேண்டும். நீளத்திற் பத்து லட்சம், அகலத்திற் பத்து லட்சம், உயரத்திற் பத்து லட்சம். மூன்றையும் பெருக்கினால் ஒன்றன்பின் பதினெட்டுச் சுழியங்கள் வரும். யப்பானிய அறிஞர் 2002ஆம் ஆண்டில் அக்காலத்தின் தலைசிறந்த கணினியைக் கொண்டு, பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்ட கனசதுரத்திலே கொந்தளிப்பை முழுமையாகக் கணக்கிட்டனர். அதிலுள்ள புள்ளிகள் ஏறத்தாழ 6,870 கோடி. பெருஞ்சாதனையே, ஆயினும், வட்டகொடை வானின் ஒரு கன கிலோமீற்றருக்கு வேண்டியதில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கே அதனால் நிறைவேறும்.

ஆதலின் அறிஞர் வேறொரு வழியை நாடினர். ஒவ்வொரு சுழியையும் பின்தொடராது, சராசரியை மட்டுங் கணக்கிடுதல் அவ்வழி. 1895இல் இதனைத் தொடங்கிவைத்தவரும் ரெனோல்ட்ஸே. ஆனால், சராசரி என்பது பொல்லாத பண்டம். ஓர் எளிய கணக்கால் இதனை விளக்குவோம். ஒரு கணத்திற் காற்று இரண்டு பங்கு வேகமும் ஒரு பங்கு ஈரமும் உடையதாய் வருகின்றது என்க. மறுகணத்தில் நான்கு பங்கு வேகமும் மூன்று பங்கு ஈரமும் உடையதாய் வருகின்றது என்க. சராசரி வேகம் மூன்று; சராசரி ஈரம் இரண்டு; பெருக்கினால் ஆறு. ஆனால், காற்று உண்மையிலே சுமந்து வந்த ஈரம் முதற்கணத்தில் இரண்டு, மறுகணத்திற் பன்னிரண்டு. அவற்றின் சராசரி ஏழு. விடுபட்ட அந்த ஒன்றே கொந்தளிப்பின் பங்கு. வேகமும் ஈரமும் ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்கியதன் விளைவு அது. சராசரிகளை மட்டும் அறிந்தவன் அந்த ஒன்றை எங்ஙனம் அறிவான்? வேறொரு விதியால் ஊகித்தே அறிதல் வேண்டும். அவ்வூக விதியையே கொந்தளிப்பு மாதிரி என்கின்றோம்.

1925இல் ஜேர்மனியப் பேராசிரியர் பிரான்ற்றல், சுழியொன்று கலைவதன்முன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அடிப்படையாக வைத்து ஒரு மாதிரியை அமைத்தார். 1963இல் அமெரிக்க வளிமண்டலவியல் அறிஞர் சிமகோரின்ஸ்கி, பெருஞ்சுழிகளைக் கணினி நேரே கணக்கிட, சிறுசுழிகளை மட்டும் மாதிரி கவனிக்கும் முறைக்கு அடிகோலினார். இவற்றின் வழித்தோன்றல்களே இன்று விமானச் சிறகையும் எரியும் அடுப்பையும் ஆற்றுவெள்ளத்தையும் நாளைய வானிலையையும் கணக்கிடும் கருவிகளிலே உறைகின்றன. இவையனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொன்றிலும் சில மாறிலிகள் உள்ளன; அவை கணிதத்திலிருந்து மட்டும் பிறந்தனவல்ல; எங்கோ ஓரிடத்தில் யாரோ அளந்து பெற்றவை.

எங்கே அளந்தனர் என்னும் வினாவிலேதான் நம் கட்டுரையின் உயிர் இருக்கின்றது. தரைக்கு அண்மையிலுள்ள காற்று வெப்பத்தையும் ஈரத்தையும் எவ்வாறு மேலே எடுத்துச் செல்கின்றது என்பதற்கு மொனின், ஒபுக்கவ் என்னும் உருசிய அறிஞரிருவர் 1954இல் ஒரு கோட்பாட்டைத் தந்தனர். அக்கோட்பாட்டுக்கு வேண்டிய எண்களை உலகுக்குத் தந்த புகழ்பெற்ற அளவீடு, 1968ஆம் ஆண்டின் கோடையிலே அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திற் செய்யப்பட்டது. அவ்விடம், கோதுமை அறுத்த தாள் மட்டும் எஞ்சி நிற்க, கண்ணுக்கெட்டியவரை தட்டையாய்க் கிடந்த வயல்வெளி. கோட்பாடும் அத்தகைய தட்டை நிலத்தையே வேண்டி நின்றது. அவ்வயல்வெளியின் எண்களும் அவற்றின் வழிவந்த எண்களுமே, இன்று உலகெங்குமுள்ள வானிலைக் கணக்குகளிலே, மலையென்றும் பள்ளமென்றும் பாராது பயன்படுகின்றன. கன்சாஸ் நிலத்தாரை நாம் குறைகூறவில்லை. அவர்கள் தம் நிலத்தை அளந்தனர். அளந்ததை உலகுக்கு ஈந்தனர். நம் மலையை அளந்து நாம் ஈந்தது எவ்வளவு என்பதே நாம் நம்மைக் கேட்கவேண்டிய கேள்வி.

கணக்கிடும் பெட்டிகளின் பருமனையும் நோக்குதல் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் இணைந்து நடத்தும் வானிலை முன்னறிவிப்பு மையத்தின் தலைமை மாதிரி, 2016 முதல் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர்ப் பெட்டிகளைக் கொண்டது. 2023 முதல் பெரும்புகழ் பெற்றுள்ள செயற்கை நுண்ணறிவு முறைகளோ, பழைய வானிலைப் பதிவுகளைப் படித்துத் தாமே கற்று, சில நிமிடங்களிற் பத்து நாள் வானிலையைக் கூறுகின்றன. வியக்கத்தக்க வித்தைதான். ஆனால், கிராப்காஸ்ற் முதலிய அம்முறைகள் படித்த பாடநூலின் பெட்டி ஏறத்தாழ இருபத்தெட்டுக் கிலோமீற்றர்ப் பக்கமுடையது. அத்தகைய பெட்டி ஒன்றினுள் ஹட்டனும் தலவாக்கலையும் வட்டகொடையும் நுவரெலியாவும் ஒருங்கே அடங்கக்கூடும். இவ்விடங்களுக்கிடையே அறுநூறு மீற்றர் உயர வேறுபாடு உண்டு. கிரேட் வெஸ்டர்ன் மலையோ 2,200 மீற்றரையுங் கடந்து நிற்கின்றது. பெட்டிக்கு இவையெல்லாம் ஒரே மேடு. படியாத பாடத்தை எவ்வளவு கூரிய மாணவனும் ஒப்புவியான். இயந்திர மாணவனும் அத்தகையனே.

மலைநாட்டு வாழ்வோ, பெட்டிக்குள் அடங்காத அச்சிறு வேறுபாடுகளையே நம்பி நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதித் திம்புலைப் பகுதியை நனைத்துவிட்டு, ஈரமிழந்து, மறுசரிவில் உலர்ந்தும் வெதும்பியும் இறங்குகின்றது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்னும் அப்பருவக்காற்று, மலை கடந்து மட்டக்களப்பிற் கச்சானாக வீசுகின்றது. அக்கச்சான் என்னும் தமிழ்ச்சொல், மலையைக் கடந்து இறங்கும் வெப்பக் காற்றுக்கு எடுத்துக்காட்டாக உலகின் வளிமண்டலவியற் சொற்றொகுதியிலும் இடம்பெற்றுள்ளது. அவ்வுலர் காற்றே ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியில் நறுமணம் ஊட்டுகின்றது. திம்புலைத் தேயிலைக்கோ தை, மாசி மாதங்களின் உலர் குளிரே அப்பேற்றைத் தருகின்றது. அதே தை, மாசியில், காற்று அடங்கிய இரவுகளிலே, குளிர்ந்து கனத்த காற்று நீர்போல் வழிந்து நுவரெலியாவின் பள்ளங்களிலே தேங்க, உறைபனி படிந்து தளிர்கள் கருகுகின்றன. சில கெஜ தூரம் மேலேயுள்ள செடிகள் தப்பிவிடுகின்றன. 1946இல் இந்நாட்டை வந்தடைந்த கொப்புள நோய், காற்றின் சுழிகளிலே ஏறி மலைக்கு மலை பரவியது. கொந்தளிப்பு என்பது பௌதிக நூலின் இறுதி அத்தியாயம் மட்டுமன்று; நம்மவர் உண்ணும் சோற்றிலும் அது கலந்திருக்கின்றது.

இத்துறை நம்மவர்க்கு எட்டாத வெளிநாட்டு வித்தை என்று மாணவர் மயங்குதலும் வேண்டா. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று பின்னர் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1950ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளைக் கொந்தளிப்புக் கோட்பாட்டுக்கே அளித்தவர். பாய்ச்சல்கள் எந்நிலையிற் குலையும் என்பதைப் பற்றி 1961இல் அவர் வெளியிட்ட பெருநூல் இன்றும் பயிலப்படுகின்றது. பெங்களூரில் வாழ்ந்து 2020இல் மறைந்த ரோடம் நரசிம்மா, கொந்தளிப்பு ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய தூண்டுதலால், அந்நகரின் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்திலே 1986இல் ஃபுளோசொல்வர் என்னும் கணினி உருவாயிற்று; பல செயலிகள் ஒருங்கே உழைத்துப் பாய்ச்சற் கணக்கைத் தீர்க்கும் இந்தியாவின் முதற் கணினி அதுவே. பின்னர் அவரும் அவர்தம் குழுவினரும், முகில் எழும்போது நீராவி குளிர்ந்து வெளிவிடும் வெப்பத்தை நீர்த்தொட்டியிலே மின்சாரத்தால் ஊட்டி, மழைமுகிலின் வடிவை ஆய்வுகூடத்திலேயே எழுப்பிக் காட்டினர். நம் வானத்து முகிலை நாமே ஆராய வேண்டும் என்னும் உறுதியின் பயன் அது.

இன்னும் அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இந்நாட்டிலே பொறியியல் பயின்ற பேராசிரியர் ஹரிந்திர ஜோசப் பெர்னாண்டோ, இன்று மலைக்காற்றின் கொந்தளிப்பை ஆராய்வோருள் முன்னணியில் நிற்பவர். அவர் தலைமையில் 2012இல் தொடங்கி அமெரிக்காவின் யூற்றா மாநில மலைப்புறத்தில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. 2017இல் போர்த்துக்கல் நாட்டின் பெர்டிகோ என்னுமிடத்திலே, இரு மலைத்தொடர்களுக்கிடையே ஐம்பதளவு கோபுரங்கள் நாட்டி, காற்றை நொடிக்கு நொடி அளந்த பன்னாட்டுக் குழுவிலும் அவர் முதன்மை பெற்றார். நாமும் பெருமிதம் கொள்கின்றோம். அப்பெருமிதத்தின் நடுவே ஓர் ஏக்கமும் எழுகின்றது: இந்நாட்டிற் பயின்ற அறிவு யூற்றா மலையையும் போர்த்துக்கல் மலையையும் அளந்தது, நம் தேயிலை மலைகளையும் அவ்வாறு அளக்கும் நாள் வருதல் வேண்டாவா?

இஃது அறிவுப் பசிக்கான ஏக்கம் மட்டுமன்று, உயிரைப் பற்றியது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டு மண்சரிவுகளே அவ்வழிவின் பெரும்பகுதியாயின. புயல் எங்கே செல்லும் என்பதைக் கணினிகள் இன்று ஓரளவு நன்கு கூறுகின்றன. எந்தச் சரிவில், எந்த ஓடையின் தலைப்பில், எத்தனை மணிக்கு, எவ்வளவு மழை கொட்டும் என்பதே இடர்ப்பாடு. அதனைத் தீர்மானிப்பது முகிலுக்குள்ளும் முகட்டின்மேலும் நிகழும் கொந்தளிப்பு.

இவ்விடத்தில் நம்மை மறுத்துரைப்பாரும் உளர். "மலையகத்தார் மடிவது சமன்பாட்டின் குறையாலன்று, காணியின் குறையால். மீரியபெத்தையில் அபாயம் உண்டென்று முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததே! போக இடமில்லாதவனுக்கு முன்னறிவிப்பால் யாது பயன்?" என்பர். இம்மறுப்பு நேரியது, நாம் தலைவணங்கி ஏற்கின்றோம். எந்த மாதிரியும் ஒருவருக்கு ஒரு பேர்ச் நிலத்தையுந் தந்துவிடாது. பாதுகாப்பான இடத்தில் வீடும் காணியும் வழங்குதலே முதற்கடன். கணக்கின் பெயரால் அக்கடனைத் தள்ளிப்போடுவோர் கணக்குக்கும் பகைவர்.

ஆனால், காணி கிடைக்கும் நாள்வரை மழை காத்திருப்பதில்லை. அதுவரை எச்சரிக்கையே கவசம். அக்கவசத்தின் வலிமை நம்பிக்கையிலே தங்கியுள்ளது. பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் பொதுவாக விடுக்கப்படும் எச்சரிக்கையைக் கேட்டு, நாட்கூலியை இழந்து, பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு பாடசாலை மண்டபத்தில் இரவைக் கழித்தவர், தம் மலையில் மழையே பெய்யாதிருக்கக் கண்டால், அடுத்த முறை தயங்குவர். அத்தயக்கத்தைக் குற்றமென்று கூற நமக்கு வாயில்லை. எச்சரிக்கை எவ்வளவுக்கு அவரவர் சரிவைப் பற்றியதாகின்றதோ அவ்வளவுக்கு அது நம்பப்படும். சரிவைப் பற்றிய கணக்குக்குச் சரிவிலே எடுத்த அளவீடு வேண்டும். கன்சாஸ் வயலின் எண் அதற்குப் போதாது.

ஆகவே நாம் கூறுவது இதுவே: பெருங்கணினி வாங்குதலுக்கு முன்னர் நமக்கு வேண்டுவது அளவீடு; அவ்வளவீட்டை மலைநாட்டுப் பிள்ளைகளே செய்தல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குக் கூறும் எல்லைகள் எளியன: இருபத்துநான்கு மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தம், 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75ஐத் தாண்டினால், வெளியேற்றம். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். ஏழாம் வகுப்பு மாணவிக்கும் விளங்கும் கணக்கு இது. ஒரு மழைமானியும், ஒரு காற்றுவேகமானியும், ஒழுங்காக நேரங் குறித்த ஒரு பதிவேடும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் இருக்குமாயின், மலைநாடு முழுவதும் ஓர் ஆய்வுகூடமாகிவிடும். 1925இல் தொடங்கப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலை சென் கூம்ஸில் நமக்கு அண்மையிலேயே உள்ளது. பேராதனையிற் பல்கலைக்கழகம் உள்ளது. வளிமண்டலவியல் திணைக்களம் உள்ளது. இவற்றுக்கும் பாடசாலைப் பதிவேட்டுக்கும் இடையே பாலம் அமைப்பதே பழைய மாணவராகிய நாம் செய்யத்தக்க பணி. விழாவுக்கெனத் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

அளவீட்டுடன் அமையாது, உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மாணவர் அவ்வெண்களைக் கணினியிலிட்டு, முன்னறிவிப்பு கூறியதையும் மழைமானி காட்டியதையும் நாள்தோறும் ஒப்பிடவும் வேண்டும். எந்தத் திசைக்காற்றில் மாதிரி பிழைக்கின்றது, எந்த முகட்டுக்கு அப்பால் அது குறைத்துக் கூறுகின்றது என்று எழுதிவைத்தல் வேண்டும். பிழைப் பட்டியலே மாதிரியைத் திருத்துவோனுக்குச் செல்வம்.

பிழைக்கு அஞ்சுவோர்க்கு ஒரு வரலாறு கூறி முடிப்போம். லூயிஸ் ஃபிரை ரிச்சட்சன் என்னும் ஆங்கில அறிஞர், முதலாம் உலகப்போரிலே ஆயுதமேந்த மறுத்து, பிரான்சியப் போர்முனையில் நோயாளர் வண்டியோட்டினார். ஓய்ந்த வேளைகளில், 1910 மே 20ஆம் நாளின் வானிலையைச் சமன்பாடுகளைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அமுக்கம் ஏறத்தாழ மாறாதிருந்தது. அவர் அவ்விடையை மறைக்கவில்லை. 1922இல் தம் நூலிலே முழுமையாக அச்சிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1950இல், அமெரிக்காவின் எனியாக் கணினி முதல் வானிலைக் கணக்கைச் செய்தபோது, அதற்கு வழிகாட்டியவர்களுள் முதல்வராக அவரே போற்றப்பட்டார். இன்று உலகம் காணும் வானிலை முன்னறிவிப்பு யாவும், நேர்மையாக எழுதப்பட்ட அப்பெரும் பிழையின் வழிவந்தவை.

மாணவச் செல்வங்களே! மலைக்காற்றின் கணக்கைப் பிறர் தீர்த்துத் தருவர் என்று காத்திராதீர். மழைமானியின் அருகே நிற்கும் பிள்ளைக்கும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் பேரறிஞனுக்கும் இடையே உள்ள தூரம், நாம் எண்ணும் அளவு பெரிதன்று. நிரையில் நின்று முகட்டை நோக்கி மழையறியும் தாயின் அறிவை எண்ணாக எழுதிக் கணினிக்குக் கற்பிப்பவர், அத்தாயின் பிள்ளைகளாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய பிள்ளைகள் நம் கல்லூரியின் அடுத்த விழா மலரிலே தம் அளவீடுகளை எழுதுவாராக. அதனைப் படித்து மகிழும் பேறு நமக்கும் கிட்டுவதாக.